ஏற்றுமதி ஆலையின் மாத அறிக்கைக்கு எக்செல்: கணக்கில் வலிமை, பகிர்வில் எச்சரிக்கை

திருப்பூரில் ஓர் ஏற்றுமதிப் பின்னலாடை நிறுவனத்தின் செயல்பாட்டு அறிக்கைகளைத் தயாரிக்கும் பொறுப்பில் இருப்பவன் என்ற முறையில், மைக்ரோசாஃப்ட் 365 சந்தாவுடன் வரும் எக்செல் மென்பொருளை அந்த ஒரு வேலைக்கு மட்டும் வைத்து இங்கே மதிப்பிடுகிறேன். கட்டிங், தையல், செக்கிங், பேக்கிங், கணக்குப் பிரிவு எனப் பல இடங்களிலிருந்து வரும் எண்களைச் சேர்த்து, நிறுவனம் எப்படி நடக்கிறது என்பதைக் காட்டும் சில அளவீடுகளாக்கி, முதலாளி முதல் லைன் சூப்பர்வைசர் வரை உரியவர்களுக்கு உரிய அளவில் கொண்டு சேர்ப்பதே அந்த வேலை. இதில் முதல் பாதியான கணக்கிடும் வேலையை எக்செல் மிக நன்றாகச் செய்கிறது. அடுத்த பாதியான பகிர்வுக்குத் தேவையான கருவிகளும் அதில் எல்லாம் இருக்கின்றன. ஆனால் அவற்றைத் தெரிந்து முறையாக அமைத்துக்கொள்ளாதவருக்கு அந்தப் பாதி நன்மையை விடத் தீமையையே அதிகம் தரக்கூடியது என்பது என் முடிவு.

எக்செல் 1985-இல் மேக்கின்டாஷ் கணினிக்கும் 1987-இல் விண்டோசுக்கும் வந்த மென்பொருள். பெரும்பாலான அலுவலகங்களில் இன்றும் அதைப் பயன்படுத்தும் முறை 1990-களின் முறையே: கட்டங்களில் எண்களை நிரப்பி, அடியில் கூட்டல் போட்டு, அடுத்த மாதத்துக்குக் கோப்பை நகலெடுத்துப் பெயரை மாற்றுவது. 2016-இல் எக்செலுக்குள்ளேயே சேர்க்கப்பட்ட, பல கோப்புகளின் எண்களைத் திரட்டிச் சீராக்கும் பவர் குவெரி, அதற்குப் பின் வந்த எக்ஸ்லுக்கப், ஃபில்டர், யுனீக் போன்ற சார்புகள், ஒரே கோப்பில் பலர் ஒரே நேரத்தில் வேலை செய்யும் வசதி ஆகியவை இதை ஏறக்குறைய வேறொரு கருவியாகவே மாற்றிவிட்டன. சந்தா கட்டிப் புதிய எக்செலை வாங்கிவிட்டுப் பழைய எக்செலையே பயன்படுத்தும் நிறுவனங்கள் நம்மிடையே ஏராளம். ஆகவே இந்த மதிப்பீடு அந்தப் புதிய பகுதிகளைப் பற்றியதாகவே பெரும்பாலும் இருக்கும்.

மென்பொருளுக்குள் போவதற்கு முன் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எதை அளக்கிறோம் என்பதை எழுத்தில் வரையறுக்காமல் எந்த மென்பொருளைத் திறந்தாலும் பயனில்லை. தையல் பிரிவின் எஃபிஷியன்சியை எடுத்துக்கொள்வோம். உற்பத்தியான பீஸ்களை ஒரு பீஸுக்குரிய நிலையான நிமிடத்தால், அதாவது நம் ஊரில் எஸ்.ஏ.எம். என்று சொல்லும் அளவால், பெருக்கி, வந்திருந்த ஆட்களின் மொத்த வேலை நிமிடங்களால் வகுத்து, நூறால் பெருக்கினால் கிடைப்பது அது. ஒரு லைனில் 30 பேர், ஆளுக்கு 480 நிமிடம், பீஸுக்கு 12 நிமிடம், அன்றைய உற்பத்தி 720 பீஸ் என்று வைத்துக்கொண்டால், 8,640-ஐ 14,400-ஆல் வகுக்க 60 சதவீதம் வருகிறது. இதில் ஹெல்பர்களைச் சேர்ப்பதா வேண்டாமா, ஷிப்ட் முடிந்தபின் பார்த்த கூடுதல் நேரம் வகுக்கும் எண்ணில் வருமா, மின்தடையில் போன நிமிடங்களைக் கழிப்பதா என்ற மூன்று கேள்விகளுக்கும் இரண்டு பேர் இரண்டு விதமாக விடை வைத்திருந்தால், அதே லைனுக்கு அதே நாளில் இரண்டு எஃபிஷியன்சி வரும்.

குறித்த நாளில் ஷிப்மென்ட் அனுப்பிய விகிதமும் அப்படித்தான். பையர், அதாவது நம்மிடம் ஆர்டர் கொடுத்து வாங்கும் நிறுவனம், முதலில் கொடுத்த தேதியா, பின்னர் ஆர்டரைக் கவனிக்கும் நம் மெர்சண்டைசர் பேசி வாங்கிய திருத்திய தேதியா என்பதைப் பொறுத்து அதே மாதம் நல்ல மாதமாகவும் மோசமான மாதமாகவும் தெரியும். தரப் பிரிவில் நூறு பீஸுக்கு எத்தனை குறை என்று எண்ணும்போது, ஒரே பீஸில் இரண்டு குறை இருந்தால் இரண்டாக எண்ணுகிறோமா, குறையுள்ள பீஸ் ஒன்று என்று எண்ணுகிறோமா என்பதும் எழுதிவைக்க வேண்டியதே. ஒவ்வோர் அறிக்கைக் கோப்பிலும் இரண்டாவது தாளாக ‘வரையறை’ என்ற ஒன்றை வைத்து, அளவீட்டின் பெயர், சூத்திரம், எண் எங்கிருந்து வருகிறது, யார் பொறுப்பு என்பதைச் சாதாரணத் தமிழில் எழுதிவைப்பதை நான் எல்லோருக்கும் வலியுறுத்துவேன். எக்செல் தமிழ் ஒருங்குறியைத் தாள்களின் பெயரிலும், பட்டியல் தலைப்பிலும், சூத்திரத்துக்குள் தேடும் சொல்லிலும் தடையின்றி ஏற்றுக்கொள்வதால் இதில் எந்தத் தொல்லையும் இல்லை.

கணக்கிடும் பகுதியில் எக்செலின் அடித்தளம் டேபிள் என்ற அமைப்பு. எண்கள் இருக்கும் பகுதியைத் தேர்ந்தெடுத்து கன்ட்ரோலும் டி-யும் அழுத்தினால் அது டேபிளாகிவிடும். புதிய வரி சேர்க்கும்போது சூத்திரங்கள் தாமாகக் கீழிறங்கும். அதைச் சார்ந்த வரைபடமும், புதுப்பித்ததும் எண்களை வகைவாரியாகத் தொகுத்துக் காட்டும் பிவட் டேபிளும் புதிய வரியைத் தவறவிடாது. இதற்கு ஒரே நிபந்தனை, ஒரு நாள், ஒரு லைன், ஓர் ஆர்டர் என்ற சேர்க்கைக்கு ஒரு வரி என்று நீளவாக்கில் பதிவது. நம் அலுவலகங்களுக்குப் பழகிய முறையோ தேதிகளைக் குறுக்காகப் பரப்பி, மேலே இரண்டு மூன்று கட்டங்களை ஒன்றாக இணைத்துத் தலைப்பு வைப்பது. பார்க்க அழகாக இருக்கும் அந்த இணைந்த கட்டங்கள் வரிசைப்படுத்தலையும் பிவட்டையும் முடக்கிவிடும். பதிவதற்கு ஒரு தாள், கணக்கிட ஒரு தாள், காட்டுவதற்கு ஒரு தாள் என்று பிரித்துவிட்டால் அழகு வேண்டிய இடத்தில் அழகையும் ஒழுங்கு வேண்டிய இடத்தில் ஒழுங்கையும் காக்கலாம். லைன் எண், ஆர்டர் எண், குறையின் வகை ஆகியவற்றைத் தட்டச்சு செய்யவிடாமல், டேட்டா வேலிடேஷன் மூலம் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்கச் செய்வது அவசியம். ‘லைன் 3’ என்பதும் இடைவெளி இல்லாத ‘லைன்3’ என்பதும் எக்செலுக்கு இரு வேறு லைன்கள்.

சதவீதங்களின் சராசரி என்ற பொறியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நான் பார்த்த அறிக்கைகளில் மிகப் பரவலாக இருக்கும் பிழை இதுவே. மேலே சொன்ன 30 பேர் லைன் 60 சதவீதமும், 10 பேர் கொண்ட சிறிய லைன் 40 சதவீதமும் எட்டியிருந்தால், இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்து ஆலையின் எஃபிஷியன்சி 50 சதவீதம் என்று எழுதிவிடுகிறார்கள். உண்மையில் இரண்டு லைன்களின் உற்பத்தி நிமிடங்கள் 8,640-உம் 1,920-உம் சேர்ந்து 10,560. வேலை நிமிடங்கள் 14,400-உம் 4,800-உம் சேர்ந்து 19,200. ஆக விகிதம் 55 சதவீதம். பிவட் டேபிளில் சதவீத நெடுவரிசையை இழுத்துப் போட்டுச் சராசரி கேட்டால் எக்செல் தயங்காமல் 50 என்று சொல்லும். அதே பிவட்டில் ‘கால்குலேட்டட் ஃபீல்டு’ என்ற வசதியால் உற்பத்தி நிமிடத்தை வேலை நிமிடத்தால் வகுக்கச் சொன்னால், அது முதலில் கூட்டி, பிறகு வகுப்பதால் 55 என்ற சரியான விடையைத் தரும். கருவி சரியான வழியை வைத்திருக்கிறது. ஆனால் தவறான வழிதான் கைக்கு முதலில் எட்டுகிறது.

என் பார்வையில் இந்தச் சந்தாவின் விலைக்குத் தகுந்த மதிப்பைத் தனியாளாகத் தந்துவிடும் பகுதி பவர் குவெரி. ஒவ்வொரு பிரிவிலிருந்தும் ஒரே அமைப்பில் வரும் நாள் கோப்புகளை ஒரு ஃபோல்டரில் போட்டுவிட்டு, அந்த ஃபோல்டரைப் படிக்கச் சொல்லி ஒருமுறை படிகளை அமைத்துவிட்டால், அடுத்த நாள் புதிய கோப்பை அங்கே வைத்து ‘ரிஃப்ரெஷ்’ அழுத்துவது மட்டுமே மிஞ்சும் வேலை. தேவையற்ற வரிகளை நீக்குவது, குறுக்காகப் பரப்பிய தேதிகளை நீளவாக்கில் மாற்றுவது, டேலி கணக்கு மென்பொருளிலிருந்து எக்செலாக எடுத்த விற்பனைப் பட்டியலையும் நிலுவைப் பட்டியலையும் வாடிக்கையாளர் பெயரால் இணைப்பது எல்லாம் படிகளாகப் பதிவாகி, ஒவ்வொரு முறையும் அதே வரிசையில் நடக்கும். ஒரு கோப்பில் நெடுவரிசையின் தலைப்பை யாராவது மாற்றிவிட்டால், அந்தத் தலைப்பைச் சார்ந்த படியில் பிழை காட்டி நின்றுவிடும். இதைக் குறையாகச் சொல்பவர்கள் உண்டு. தவறான எண்ணைச் சத்தமில்லாமல் தருவதைவிட நின்றுவிடுவது எத்தனையோ மேல் என்பதால் நான் இதை நிறையாகவே கருதுகிறேன்.

நம் நாட்டுப் பயனருக்கு இரண்டு இடங்களில் கூடுதல் கவனம் தேவைப்படுகிறது. ஒன்று தேதி. அமெரிக்கப் பையரிடமிருந்து வரும் கோப்பில் 03/04 என்றால் மார்ச் 4. நமக்கு அது ஏப்ரல் 3. எக்செல் கணினியின் வட்டார அமைப்பைப் பார்த்துத் தானாகவே ஒன்றை முடிவு செய்துகொள்ளும். 12-க்கு மேற்பட்ட நாள்களில் மட்டும் தடுமாறி அதை எழுத்தாக விட்டுவிடும். பாதி சரியாகவும் பாதி தவறாகவும் இருக்கும் அத்தகைய நெடுவரிசையைக் கண்ணால் கண்டுபிடிப்பது கடினம். பவர் குவெரியில் தேதியை மாற்றும்போது எந்த நாட்டு முறையில் எழுதப்பட்டது என்று குறிப்பிடும் வாய்ப்பு இருக்கிறது. வெளியிலிருந்து வரும் எல்லாக் கோப்புகளுக்கும் அதைக் கட்டாயமாக்குவது நல்லது. மற்றொன்று லட்சம், கோடி. விண்டோசின் வட்டார அமைப்பை இந்தியாவாக மாற்றினால் காற்புள்ளிகள் நம் முறைப்படி விழும். வரைபடத்தின் அச்சில் அலகைத் தேர்ந்தெடுக்கும் பட்டியலில் மில்லியனும் பில்லியனும் பெயரோடு இருக்க, லட்சமும் கோடியும் 100000, 10000000 என்ற வெறும் எண்களாக ஒளிந்திருக்கின்றன. அவற்றைத் தேர்ந்தெடுத்து, அலகின் பெயரை நாமே தமிழில் எழுதிக்கொள்ளலாம். இத்தனை இந்திய நிறுவனங்கள் பயன்படுத்தும் மென்பொருளில் இது இன்னும் நேரடியாக இருந்திருக்க வேண்டும்.

காட்டும் தாளைப் பொறுத்தவரை, பிவட் டேபிள்களின்மேல் ஸ்லைசர் பொத்தான்களை வைத்தால், மாதத்தையோ பையரையோ அழுத்தியதும் அத்தாளின் எல்லா வரைபடங்களும் ஒன்றாக மாறும்படி இணைக்க முடிகிறது. கட்டத்துக்குள்ளேயே வரையும் ஸ்பார்க்லைன் சிறு கோடுகள் ஓர் அளவீட்டின் 12 மாதப் போக்கை எண்ணுக்குப் பக்கத்திலேயே காட்டிவிடுகின்றன. ஓர் எண்ணை மட்டும் தனியாகக் காட்டுவதைவிட இது பார்ப்பவருக்கு மிகுந்த உதவி. முப்பரிமாண வரைபடங்களும் வட்ட வரைபடங்களும் நீளத்தையும் பரப்பையும் மறைப்பதால் நான் அவற்றைத் தொடுவதில்லை. முதல் தாளில் வெட்டிய பீஸுக்கு எதிராக அனுப்பிய பீஸின் விகிதம், எஃபிஷியன்சி, குறை விகிதம், உரிய நாள் ஷிப்மென்ட், வரவேண்டிய தொகை நிலுவையில் நிற்கும் நாள்கள் என்ற அளவுக்கு மேல் போகாமல் இருப்பது நல்லது. நாற்பது அளவீடுகள் உள்ள தாளை யாரும் படிப்பதில்லை. பிவட் டேபிள் எப்போதும் தானாகப் புதுப்பித்துக்கொள்ளும் என்று நம்ப முடியாது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். கோப்பைத் திறக்கும்போது புதுப்பிக்கும் தேர்வை இயக்கிவைத்து, ‘இந்த எண்கள் எந்தத் தேதி வரை’ என்பதை முதல் தாளின் தலைப்பிலேயே காட்ட வேண்டும்.

இனி பகிர்வு. கோப்பை மின்னஞ்சலில் இணைத்து அனுப்பும் பழக்கமே குழப்பத்தின் வேர். அனுப்பிய கணத்திலேயே அது வேறொரு கோப்பாகிவிடுகிறது. கூட்டத்தில் மூன்று பேர் மூன்று எண்களோடு உட்காருவார்கள். கோப்பை மைக்ரோசாஃப்டின் இணையச் சேமிப்பிடங்களான ஒன்டிரைவிலோ ஷேர்பாயின்ட்டிலோ வைத்து, இணைப்பை மட்டும் அனுப்புவதே இந்தச் சந்தாவின் உண்மையான பயன். அங்கே பலர் ஒரே நேரத்தில் பதியலாம்; பழைய பதிப்புகளுக்குத் திரும்பலாம்; ‘ஷோ சேஞ்சஸ்’ என்ற பட்டியலில் எந்தக் கட்டத்தை யார் எப்போது மாற்றினார் என்பதைக் கடந்த 60 நாள்கள் வரை பார்க்கலாம். ஒருவர் தம் வசதிக்காக வடிகட்டினால் மற்றவர்களின் திரையிலும் வரிகள் மறையும் தொல்லைக்கு ‘ஷீட் வியூ’ என்ற தனிப்பார்வை தீர்வாக இருக்கிறது. இணைப்பை உருவாக்கும்போது, அது யார் கையில் கிடைத்தாலும் திறக்குமா, குறிப்பிட்ட நபர்களுக்கு மட்டும் திறக்குமா என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இந்தத் தேர்வைப் பார்க்காமல் கடந்துபோகிறவர்களே அதிகம்.

மிகவும் கவலைப்பட வேண்டிய இடம், எக்செல் கோப்பு கண்ணுக்குத் தெரிவதைவிட அதிகமாகச் சுமந்து செல்வது. ஆள்வாரிச் சம்பளம் உள்ள பட்டியலிலிருந்து லைன்வாரிக் கூட்டுத்தொகையைப் பிவட்டில் எடுத்து, மூலத் தாளை நீக்கிவிட்டு அனுப்பினாலும், பிவட் தனக்குள் மூலத்தின் நகலை வைத்திருக்கும். பெறுபவர் மொத்தத் தொகையின்மேல் இருமுறை சொடுக்கினால் ஆள்வாரிப் பட்டியல் புதிய தாளாக விரியும். தாளை மறைப்பதும் பாதுகாப்பல்ல. தாளைப் பூட்டும் வசதி தவறுதலான மாற்றத்தைத் தடுக்கவே அன்றி ரகசியம் காக்க அல்ல என்று மைக்ரோசாஃப்டே சொல்கிறது. 2023 ஆகஸ்டில் வட அயர்லாந்துக் காவல்துறை, தகவல் கேட்டு வந்த ஒரு விண்ணப்பத்துக்குப் பதிலாக அனுப்பிய விரிதாளில் மறைந்திருந்த ஒரு தாளின் வழியாக 9,483 காவலர்கள், ஊழியர்களின் விவரங்கள் வெளியாயின. அடுத்த ஆண்டு பிரிட்டனின் தகவல் ஆணையர் அலுவலகம் 7,50,000 பவுண்டு அபராதம் விதித்தது. உயிருக்கே அச்சுறுத்தல் உள்ள இடத்தில் நடந்த அந்தத் தவறு, எந்த அலுவலகத்திலும் எந்த நாளும் நடக்கக்கூடிய மிகச் சாதாரணமான செயலின் விளைவு. பையருக்கோ வங்கிக்கோ போகும் எதையும் பிடிஎஃப் ஆகவோ, எண்களை மட்டும் ஒட்டிய புதிய கோப்பாகவோதான் அனுப்ப வேண்டும் என்பதை நான் விதியாகவே வைத்திருக்கிறேன்.

அளவைப் பற்றியும் ஒரு சொல். இன்றைய கோப்பு வடிவத்தில் ஒரு தாளுக்கு 10,48,576 வரிகள் உண்டு. நடுத்தர ஆலைக்கு இது தாராளம். ஆனால் பழைய எக்ஸ்.எல்.எஸ். வடிவத்தின் எல்லை 65,536 வரிகள் மட்டுமே. 2020-இல் இங்கிலாந்தின் பொதுச் சுகாதார அமைப்பு அந்தப் பழைய வடிவத்தைப் பயன்படுத்தியதால் செப்டம்பர் 25 முதல் அக்டோபர் 2 வரையிலான 15,841 கொரோனா தொற்றுகள் உரிய நேரத்தில் கணக்கில் வராமல் போயின. பழைய கோப்புகளைப் புதிய வடிவில் சேமித்துவிடுவது ஒரு நிமிட வேலை.

கைப்பேசியில்தான் எக்செல் என்னை மிகவும் ஏமாற்றுகிறது. நம் ஊர் முதலாளிகள் எண்களைப் பார்ப்பது காரில், பிராசசிங் யூனிட்டில், வாட்ஸ்அப்பில். கணினித் திரைக்காக அமைத்த தாள் கைப்பேசியில் திறந்தாலும், விரலால் தள்ளித் தள்ளிப் படிக்க வேண்டியதாகிவிடுகிறது. குறுகிய, நீளமான தனித்தாள் ஒன்றைக் கைப்பேசிக்கென்றே அமைத்து, அதை நாள்தோறும் பிடிஎஃப் ஆக்கி அனுப்புவதே இப்போதைக்குச் சரியாக வருகிறது.

மாற்றுகளில் கூகுள் ஷீட்ஸ், பல கைகள் ஒரே நேரத்தில் பதிவதிலும் கைப்பேசியிலிருந்து படிவம் வழியாகப் பதிவதிலும் எக்செலை விட இயல்பானது. ஒரு கோப்புக்கு ஒரு கோடி கட்டங்கள் என்ற எல்லையும், பவர் குவெரிக்கு நிகரான ஒன்று அதில் இல்லாததும் கணக்கிடும் பக்கத்தில் அதைப் பின்தள்ளுகின்றன. செக்கிங் மேசையில் குறைகளை அதில் பதியவைத்து எக்செலுக்குக் கொண்டுவருவது நல்ல சேர்க்கை. லிப்ரேஆஃபிஸ் கால்க் விலையின்றிக் கிடைப்பது. ஒருவரே எல்லாவற்றையும் செய்யும் சிறிய ஜாப் ஒர்க் யூனிட்டுக்கு அது போதும், பலர் சேர்ந்து பதியும் இடத்துக்குப் பொருந்தாது. நம் மண்ணில் வேர்கொண்ட ஸோஹோவின் ஷீட், சேர்ந்து பதிவதில் குறைவற்றது. ஏற்கெனவே ஸோஹோவில் கணக்கு வைத்திருப்பவர்கள் அதைக் கட்டாயம் முயன்று பார்க்கலாம். அறிக்கையைப் பார்ப்பவர்கள் பெருகி, ஒவ்வொரு யூனிட் மேலாளரும் தம் யூனிட்டை மட்டுமே பார்க்க வேண்டும் என்ற நிலை வந்தால் எக்செலால் அதைப் பத்திரமாகச் செய்ய முடியாது. அப்போது மைக்ரோசாஃப்டின் அறிக்கை மென்பொருளான பவர் பிஐ-க்கு மாற வேண்டும். அதிலும் பவர் குவெரியே இருப்பதால் எக்செலில் அமைத்த படிகள் வீணாகா. ஆனால் பவர் பிஐ-யின் இலவசக் கணக்கால் அறிக்கையைப் பிறரோடு பகிர முடியாது என்பதை முதலிலேயே கணக்கிட்டுக்கொள்ள வேண்டும்.

வாங்கும்போது எல்லோருக்கும் ஒரே சந்தாவை எடுக்கத் தேவையில்லை. அறிக்கையை அமைக்கும் ஒன்றிரண்டு பேருக்குக் கணினியில் நிறுவும் முழுமையான எக்செல் வேண்டும். பல பட்டியல்களை ஒன்றோடொன்று இணைத்துக் கணக்கிடும் பவர் பிவட் மேக் கணினியில் இல்லாததால் அவர்களுக்கு விண்டோஸ் கணினியே கொடுக்க வேண்டும். நாள் விவரங்களைப் பதிபவர்களுக்கும் பார்ப்பவர்களுக்கும் உலாவியில் இயங்கும் எக்செல் மட்டும் வரும் குறைந்த கட்டணத் திட்டம் போதுமானது. மிச்சமாகும் தொகையில், அறிக்கை அமைப்பவருக்குப் பவர் குவெரியும் பிவட்டும் முறையாகக் கற்றுத்தர ஒரு பயிற்சிக்கு ஏற்பாடு செய்தால், முதல் நிதியாண்டு முடிவதற்குள் அதன் பலனை அறிக்கையிலேயே பார்க்கலாம்.